உஷுவே முணுமுணுத்தது

உஷுவேயின் பாட்டு கடைசி வரியில் எழுந்து நிற்கிறது. என்னுடையது அதே இடத்தில் படுத்துவிடுகிறது. ஏன்? கல்லூரி திறந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு எனக்கு விடுபடவில்லை.

இருவரும் டொனோஸ்டியா நகரில் பொறியியல் முதலாண்டு. இருவரும் கல்லூரிப் பாட்டுக் குழுவில். விருந்துகளில் பாடும் எங்கள் பாட்டை எழுதிவைத்துக்கொண்டு வரக் கூடாது. தலைப்பைச் சொன்னதும் நின்ற இடத்திலேயே கட்டி, பழைய மெட்டு ஒன்றில் ஏற்றிப் பாட வேண்டும். எட்டு வரி. ஒரு வரி விட்டு ஒரு வரி ஒரே ஒலியில் முடிய வேண்டும். அப்படி முடிக்கிற நான்கு சொற்களும் வேறுவேறாக இருக்க வேண்டும். ஒரு சொல் திரும்ப வந்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் முள்கரண்டியை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

சொல்வளத்தில் நான் அவளுக்கு மேல். என் முதல் வரிக்குக் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பிறகு மெல்லத் தட்டுக்குத் திரும்பிவிடும். அவள் முதல் வரியோ பேருந்து நிறுத்தத்துப் பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் கடைசி வரியைக் கூட்டமே அவளோடு சேர்ந்து பாடும். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் என் தொண்டையில் ஒரு புளிப்பு ஆப்பிள் சிக்கிக்கொள்ளும்.

அந்த ஞாயிறு மதியம் பக்கத்து ஊரான எர்னானியில், சைடர் என்னும் ஆப்பிள் மது வடிக்கும் கூடம் ஒன்றில் விருந்து. புதியவர்களான நாங்கள் இருவரும் எங்களைப் பாட்டிலேயே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும்: நான் யார், கவிதை என்னை எப்படிப் பிடித்தது. பில்பாவோ பாட்டுப் போட்டிக்கு ஓர் இடம்தான் காலி. தலைப்புக் கொடுக்கும் மூன்றாமாண்டு பென்யாட், விருந்தின் கடைசியில் பாலாடைக்கட்டி வருவதற்குள் ஆளைச் சொல்லிவிடுவான்.

"என்னடி எனெரிட்ஸ், ஆம்லெட்டத் தொடவே இல்ல?" என்றாள் உஷுவே.

"பசிக்கல."

"பயமா?"

"உன்கிட்ட எனக்கென்ன பயம்?"

"என்கிட்ட இல்லடி, அந்த மேசைல உக்காந்திருக்காரே உங்க மாமா, அவர்கிட்ட. போன தடவ நீ பாடறப்பவே தூங்கிட்டாரு மனுஷன்!"

சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவளிடம் வஞ்சம் துளியும் கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

பென்யாட் அழைத்தான். பெரிய சைடர்ப் பீப்பாய்களுக்கு முன்னால் இரண்டு ஒலிவாங்கிகள். பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். முதலில் அவள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். ரசிகர்கள் அவள் குரலைத்தான் கவனிப்பார்கள்; பொறாமைப்படுகிறவள் உதட்டைக்கூட விட மாட்டாள். அவள் உதடு அசைந்தது. "பாட்டால்தான் ஆற்றைக் கடக்கிறேன்" என்று முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

பிரமாதமான வரி. அதை முதலில் போடப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். ஊர் ஆற்றில் வெள்ளம் வந்ததைச் சொன்னாள். வரிகளை முடிக்க மூன்று சாதாரணச் சொற்களைச் செலவழித்தாள். அந்த வரி வரவில்லை, வரவில்லை. மெட்டு இறங்கத் தொடங்கியபோது,

"பாலம் கட்டப் படிக்கிறேன்,
பாட்டால்தான் ஆற்றைக் கடக்கிறேன்!"

கூட்டம் முடிவை முன்பே மோப்பம் பிடித்து அவளோடு சேர்ந்து பாடியது. மேசைகள் அதிர்ந்தன. மாமாகூட விழித்திருந்தார்.

 அப்போதுதான் எனக்குக் கணக்கு விடுபட்டது. நான் என் சிறந்த சொல்லை முதல் வரியிலேயே செலவழித்துவிடுகிறேன். அது திரும்ப வரக் கூடாது என்பதால் முடிவுக்கு மிச்சம்மீதிதான் கிடைக்கிறது. அவள் அதைக் கடைசிக்கு எடுத்துவைத்துவிட்டு, மீதிச் சொற்களால் அதற்கு வழி போடுகிறாள்.

"எனெரிட்ஸ், உன் முறை" என்றான் பென்யாட்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"என்னம்மா, மாமா தூக்கம் உனக்கு ஒட்டிக்கிச்சா?" என்று அவன் கேட்டதும் கூடம் சிரித்தது.

"ஆரம்பிடீ" என்று உஷுவே கிசுகிசுத்தாள்.

தரையைப் பார்த்தேன். மனதில் வந்து நின்ற அழகான முதல் வரியைத் தூக்கி எறிந்தேன். கவிதை என்னை எப்படிப் பிடித்தது? உண்மையைத் தேடினேன். அது பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்:

"இவளுக்கு நீங்கள் கைதட்டும்போதெல்லாம்
பல்லைக் கடித்தே பாடப் பழகினேன்."

கடைசி வரியை முதலில் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் முதல் வரிக்கு வாயைத் திறக்க வேண்டும்.