வாங்குபவர் இல்லை

காலை ஒன்பதேகாலுக்குப் பங்குச்சந்தை திறந்தது. அனந்த் வைத்திருந்த பங்கு ஐந்து சதவீதம் இறங்கி அப்படியே நின்றது. விற்பவர்கள் பக்கத்தில் பதினோரு லட்சம் பங்குகள். வாங்குபவர்கள் பக்கத்தில் எதுவும் இல்லை.

நேற்றும் இதே. முந்தாநாளும் இதே.

அது சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனி. அதன் ஆடிட்டர் விலகிவிட்டார் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை செய்தி வந்தது. அடுத்த திங்கள் முதல் இரண்டரை வாரமாக விலை தினமும் ஐந்து சதவீதம் விழுந்தது. ஒரே நாளில் அதற்கு மேல் விழக்கூடாது என்பது அந்தப் பங்குக்குச் சந்தை வைத்திருந்த விதி. ஐந்தைத் தொட்டதும் விலை நின்றுவிடும். அந்த விலைக்கு யாராவது வாங்கினால்தான் விற்க முடியும். யாரும் வாங்கவில்லை.

பணம் அவன் மனைவி ஜெயந்திமாலாவுடையது. வந்தவாசிப் பக்கம் அவள் அப்பா விட்டுப்போன நிலத்தைச் சித்திரையில் விற்றார்கள். வேங்கிக்காலில் அவர்கள் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை வாங்குவதற்காக விற்றது. வீட்டுக்காரர் சகாதேவன் கீழே இருந்தார். அவருடைய தம்பி துபாயிலிருந்து வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சில மாதம் ஆகும் என்றார். அந்தச் சில மாதத்துக்குப் பணம் சும்மா கிடக்க வேண்டாம் என்று அனந்த் நினைத்தான்.

தம்பி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பௌர்ணமிக்குள் பதில் வேண்டும் என்று சகாதேவன் சொல்லியிருந்தார். ஆசிரமம் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஒருவரும் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அனந்துக்குக் கலெக்டர் ஆபீஸில் புள்ளியியல் பிரிவில் வேலை. வாரம் ஒருமுறை கடைகளுக்குப் போய் அரிசி, பருப்பு, தக்காளி விலையைக் குறித்து வருவான். பங்கை வாங்குவதற்கு முன் அதன் மூன்று வருட விலையையும் இறக்கி, ஒவ்வொரு நாளின் உச்சம், தாழ்வு, முடிவு, விற்ற எண்ணிக்கை என்று எக்ஸெலில் போட்டுக் கணக்கிட்டான். ஒரு நாள்கூட ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை, இறங்கவில்லை. அமைதியான பங்கு என்று முடிவு செய்தான்.

பங்கு விழ ஆரம்பித்த பிறகு அந்தக் கணக்கைப் பக்கத்து மேஜை அருள்ராஜிடம் காட்டினான். அருள்ராஜ் அவ்வப்போது பங்கு வாங்கி விற்பவன்.

"எல்லாம் அஞ்சுக்குள்ளயே இருக்கே சார்."

"அதான். ஆடாத பங்கு."

"ஆட விடலை சார். மூணு வருஷமா இதுக்கு அஞ்சுதான் லிமிட். கட்டிப்போட்ட மாட்டைப் பாத்துட்டு சாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

அனந்த் திரையைப் பார்த்தான். நான்கு புள்ளி ஒன்பது எட்டு. நான்கு புள்ளி ஒன்பது ஒன்பது. பத்தி பத்தியாக அதே எண்கள் இருந்தன. அவன் அவற்றுக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அருள்."

"கேட்டீங்களா? வீட்ல சேக்காத வெங்காயத்துக்கே பத்து கடை விசாரிக்கிற ஆளு. இதுக்கு ஒருத்தனைக் கேக்கல."

அன்றும் பங்கு விற்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சமணக் குடும்பம்; அந்த வீட்டில் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. ஜெயந்திமாலா தோசையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பணம் அவளுடையது என்பதால் கணக்கும் அவள் பெயரில் இருந்தது. தினமும் முதல்முறை விற்கப் போடும்போது ஓடிபி அவள் போனுக்கு வரும்.

"தினமும் காலையில ஓடிபி கேக்கறீங்க. வித்தாச்சா இல்லியா?"

"போட்டிருக்கேன். போகல."

"கம்மி பண்ணிப் போடுங்க. போவும்."

"அதுக்குக் கீழ போட விடமாட்டான்."

"அந்த ரேட்டுக்கு ஒருத்தர்கூட வாங்கலியா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிங்க அது ரேட்டாவும்? கடைக்காரன் சொல்றதை எழுதக்கூடாது, வித்ததைத்தான் எழுதணும்னு நீங்கதானே சொல்வீங்க."

அவன் தோசையைப் பிய்த்தான். வாயில் வைக்கவில்லை.

"எவ்ளோ தேறும்?"

"இன்னிக்கு வித்தா, போட்டதுல பாதிக்குக் கொஞ்சம் மேல."

அவள் சட்னியை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "பாதி இருந்தா மீதிக்கு லோன் போட்டுடலாம். பேங்க்ல கேட்டுட்டேன். அதுக்குக் கீழ போனா அவங்களும் தரமாட்டாங்க. என்ன வருதோ வரட்டும், வித்துடுங்க" என்றாள்.

"விக்கத்தான் பாக்கறேன்."

"சாப்பிடுங்க. இருட்டுது."

மறுநாள் பௌர்ணமி. விடிவதற்குள் கிரிவலத்துக்கு ஆந்திர வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. பக்கத்திலிருந்த காலி மனையைச் சகாதேவன் வண்டி நிறுத்த விட்டிருந்தார். தெலுங்கில் பின்னால் வரச் சொல்லும் அவர் குரல் மாடிவரை கேட்டது.

"வெனக்கி ரா! இன்னும் வெனக்கி! அய்யோ, செவுரு, செவுரு!"

அனந்த் ஓடிபி வாங்கி விற்கப் போட்டான். சந்தை திறந்தது. விலை இறங்கி, போட்டதில் பாதியில் வந்து நின்றது. வாங்குபவர் இல்லை.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தான். வாங்குபவர் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. நாற்பதாயிரம். அது மறைந்து ஒரு லட்சம் ஆனது. விற்பவர் பக்கம் பதினோரு லட்சம் ஏழானது.

"ஜெயந்தி. வாங்கறாங்க."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏழு நான்கானது. வரிசையில் அவர்களுடையது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் நெருங்கிவிட்டது.

"வந்துடும்ல?"

"வந்துடும்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவன் லேப்டாப்பைத் திறந்தான்.

"இப்ப எதுக்கு அது?"

"ஒரு நிமிஷம்."

மூன்று வருடத்தில் தரைவிலையில், அதாவது அன்றைக்கு இறங்கக்கூடிய கடைசி விலையில், இப்படி மொத்தமாக வாங்கியது மூன்று முறை. மூன்று முறையும் அடுத்த வாரம் விலை ஏறியிருந்தது.

"யாரோ விஷயம் தெரிஞ்சுதான் வாங்கறான்."

"தெரிஞ்சா தெரியட்டும். நமக்கென்ன?"

"ஒரு வாரம் பொறுத்தா லோனே வேணாம் ஜெயந்தி. முழுசா கொடுத்துடலாம்."

"வேணாங்க. போவட்டும். விடுங்க."

நான்கு இரண்டானது. அவன் ரத்து என்பதை அழுத்தினான். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்பதை அழுத்தினான்.

விற்பவர் பக்கம் காலியானது. விலை ஒரு ரூபாய் ஏறியது. அவன் போனை அவள் பக்கம் திருப்பினான். இன்னும் ஒரு ரூபாய் ஏறியது.

"பாத்தியா?"

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பவர் பக்கம் திடீரென்று ஒன்பது லட்சம் வந்து நின்றது. இரண்டு ரூபாயும் போயின. வாங்குபவர் பக்கம் ஒவ்வொரு வரியாக அழிந்தது. கடைசி வரியும் அழிந்தது.

அவன் அவசரமாக மறுபடி விற்கப் போட்டான். ஏற்றுக்கொண்டது. அவனுக்கு முன்னால் ஒன்பது லட்சம் இருந்தது.

"நாளைக்கு மறுபடி வருவாங்க. வந்த உடனே..."

அவள் எழுந்து கீழே போனாள். அவன் மாடிப்படியின் முனைவரை வந்து நின்றான்.

"வாம்மா" என்றார் சகாதேவன். "இன்னிக்குச் சொல்றதா இருந்துச்சே."

"வேற ஆளுக்குக் கொடுத்துடுங்கண்ணா. எங்களால முடியல."

"என்னம்மா திடீர்னு? வேணும்னா ஒரு வாரம் எடுத்துக்கங்க. கெஸ்ட் ஹவுஸ்காரர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"ஒரு வாரம் வேணாம்."

"அவர் வாங்கினா உங்களைக் காலி பண்ணச் சொல்வாரும்மா. அவருக்கு ரூம் போட்டு விடணும்."

"தெரியும்ணா. வேற வீடு பாக்கறோம்."

ஒரு வேன் ஹாரன் அடித்தது. சகாதேவன் அதைக் கை காட்டி நிறுத்தினார்.

"அனந்த் சார் என்ன சொல்றாரு?"

"அவர் இன்னும் பாத்துட்டு இருக்காரு."