பதினேழாம் எண் உறை

காப்பிப் போட்டி மண்டபத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. பன்னிரண்டு வருடமாக முதல் பரிசு வாங்கியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. முதல் மூன்றும் பெரிய தோட்டக்காரர்கள். முப்பது மூட்டை இல்லாதவர் வாசற்படி மிதிக்கக்கூடாது என்று அப்போது விதி. நாலாம் வருடம் சிறு விவசாயிகள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். முப்பது, மூன்றாக இறங்கியது.

'முசுடு' என்று பேர் வாங்கிய அந்தப் பெண்ணுக்கு மூன்றும் தேறாது. விளைந்தது இரண்டு மூட்டை. வேலிக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் தோட்டம்; இரண்டையும் சேர்த்தால் மூன்று மூட்டை தாண்டும். பறிப்புச் சமயத்தில் நாத்தனார் கால் ஒடிந்து படுத்துவிட்டாள். முசுடு இரண்டு தோட்டத்துப் பழத்தையும் பறித்து, ஒரே வலையில் கொட்டி, மணிக்கொரு தரம் கிளறிக் காயவைத்தாள். விண்ணப்பத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். இரண்டு பெயரையும் நெருக்கி எழுதி உறையை ஒட்டினாள்.

ருசி பார்ப்பவர்களுக்குக் கோப்பையின் எண்தான் தெரியும். முடிவு வரும்வரை உறையைப் பிரிக்கமாட்டார்கள். கரண்டி கரண்டியாக உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பதினேழாம் எண்தான் முதல் என்றார்கள்.

மேடையில் உறையைப் பிரித்த செயலாளரின் முகம் சுருங்கியது. அவளை மேலே கூப்பிட்டார்.

"என்னம்மா இது? ஒரு தோட்டம், ஒரு பேருன்னு விதி இருக்கே. ஒண்ணை அடிச்சிடுங்க."

"எதை அடிக்கணும் சார்?"

கீழே ஊன்றுகோலோடு நின்ற நாத்தனார் பதறினாள். "அண்ணி, என் பேரை அடிச்சிடுங்க. நான் பாயில கிடந்தவதானே!"

"நீ சும்மா இரு. உன் மரம் பாயிலயா கிடந்துச்சு?" என்றவள் செயலாளர் பக்கம் திரும்பினாள். "கடவுள் வேலி பார்த்தா சார் மழை பெய்யறார்? அந்தக் கோப்பையை இன்னொரு தரம் குடிச்சுப் பாருங்க. எது என்னுது, எது அவளுதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க. அப்புறம் அடிக்கிறேன்."

ருசி பார்ப்பவர்களில் ஒருவர் நிஜமாகவே கரண்டியை எடுத்து உறிஞ்சினார். உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்போ பரிசு ரெண்டாவதா வந்தவருக்கு" என்றார் செயலாளர்.

அவர் நீட்டிய பேனாவை அவள் தொடவில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பெரியவர். நாலாம் வருடம் வாசலில் உட்கார்ந்தவர்களில் ஒருவர். நாற்காலியை விட்டு எழவேயில்லை.

"மேலே வாங்கய்யா!"

"முட்டி வலிக்குது தம்பி. அன்னைக்கு உங்க வாசல்ல உட்கார்ந்து பிடிச்ச வலி. இந்த மேடை ஏற வராது."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. மூன்றாவதாக வந்தவரைக் கூப்பிட்டார்கள். அவரும் தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

செயலாளர் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். பரிசுக் கோப்பையை வாங்க ஆளில்லாத மேடையைப் பார்த்தார். "பலகையில ஒரு வரி போதாதேம்மா" என்று முணுமுணுத்தார்.

"பொடி எழுத்தா எழுதச் சொல்லுங்க சார். நான் அப்படித்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டு, பரிசுக் கோப்பைக்குக் காத்திராமல் கீழே இறங்கினாள். ஊன்றுகோலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாத்தனாரைத் தோளில் சாய்த்து ஒவ்வொரு படியாக ஏற்றினாள். அதுவரை மண்டபம் பொறுமையாகக் காத்திருந்தது.