ஃப்ளெக்ஸில் ஏறிய வெப்சைட்

கரையில் நின்றுகொண்டே நீச்சல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காவிட்டால் ஓசூர் பாகலூர் சாலையிலிருந்த அந்தக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும். அங்கே எம்.சி.ஏ. துறைத் தலைவர் இளம்பரிதி, ‘வெப் டிசைன் அண்ட் இன்டர்நெட் டெக்னாலஜிஸ்’ என்கிற பாடத்தை வருஷக்கணக்காக நடத்திவந்தார். இன்டர்நெட் இல்லாமலேயே நடத்தினார், அதுதான் விசேஷம். “லேபுக்கு கனெக்‌ஷன் குடுத்தா புள்ளைங்க கெட்டுப்போயிரும்” என்பது அவருடைய கொள்கை.

மாணவர்கள் கோடிங்கை ரெக்கார்டு நோட்டில் பேனாவால் எழுதுவார்கள். எதிர்ப்பக்கத்தில், அது திரையில் எப்படித் தெரியும் என்பதைப் பென்சிலால் வரைவார்கள். ஓரத்தில் ஸ்க்ரோல் பார் வரையாமல் விட்டால் நோட்டு திரும்பி வரும். ஸ்கேல் வைக்காமல் வரைந்தாலும் திரும்பி வரும். இந்த லட்சணத்தில் முதுகலைப் படிப்பு.

சரிதாவுக்கு இதெல்லாம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற குடும்பத்துப் பெண், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். பஸ்ஸில் ஏறியதும் இளம்பரிதியின் குரலில், “ஏம்மா, ஒன் ஸ்க்ரோல் பார் ஏன் கோணலா இருக்குது?” என்று ஆரம்பித்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதி கௌசர் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சிரிப்பாள். கௌசர் அதிகம் பேசமாட்டாள். வேலையை மட்டும் முடித்து வைப்பாள்.

இவ்வளவு கேலி பேசினாலும் சரிதாவுக்குள் ஒரு பயம் இருந்தது. அவளுடைய அக்கா அருணா பி.எஸ்சி. முடித்துவிட்டு, தினமும் போச்சம்பள்ளி ஷூ ஃபேக்டரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய், நாள் முழுக்க நின்றபடி பசை தடவிவிட்டு வருகிறாள். அந்த பஸ்ஸில் அடுத்த சீட்டு தனக்குத்தான் என்று சரிதாவுக்குத் தெரியும். அதிலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் கண்ணில் பட்டது. சிப்காட் பக்கத்தில் திம்மராயன் என்பவர் சின்னதாக ஒரு கம்பெனி வைத்து, தொழிற்சாலைகளுக்கு வெப்சைட் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷ மாணவர்களில் இரண்டு பேரை எடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, தாங்களே செய்த வெப்சைட் ஒன்று இன்டர்நெட்டில் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து இளம்பரிதி கூப்பிட்டார். கல்லூரிக்கு கிரேடு கொடுக்க ஆய்வுக் குழு வரப்போகிறதாம்.

“சரிதா, நீயும் கௌசரும் சேந்து டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வெப்சைட் பண்ணுங்கம்மா. காலேஜ் சர்வர்ல நான் ஏத்திடறேன். அடியில உங்க பேரும் வரும்.”

பழம் நழுவிப் பாலில் விழுந்ததாகத்தான் இருவரும் நினைத்தார்கள். சேர்மன் படம் பெரிதாக வேண்டும் என்றார், செய்தார்கள். சேர்மன் சம்சாரத்தின் படமும் வேண்டும் என்றார், அதையும் செய்தார்கள். அத்தனை கண்ணராவிக்கும் நடுவில் அந்த வெப்சைட் பார்க்க அழகாகவே வந்தது. அதில் பாதிக்கு மேல் கௌசரின் கைவேலை.

அதை இன்டர்நெட்டில் ஏற்றுவது எப்படி என்று இளம்பரிதிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் அவருக்குத் தெரியாது. லேப் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்து, திரையை அப்படியே படம் பிடித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டார்.

குழு வந்த அன்று காலையில் சரிதா கேட்டுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். இரண்டு வாழை மரங்களுக்கு நடுவில், கல்யாண வீட்டு பேனர் கணக்காக, அவர்களுடைய வெப்சைட் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்வரிசையில் முழங்கை நீள எழுத்துகளில் அதன் முகவரி: டி டிரைவ், நியூ ஃபோல்டர் டூ, ஃபைனல், ஃபைனல் ஃபைனல். அதை நோக்கி ஓர் அம்புக்குறி. ‘எங்கள் இணையதளத்தைக் காண இங்கே வாரீர்’ என்று அழைப்பு வேறு. அந்த முகவரி, லேப் கம்ப்யூட்டருக்குள் ஃபைல் எந்த மூலையில் கிடக்கிறது என்பதற்கான குறிப்பு. வேறு எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினாலும் ஒன்றும் வராது. கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தின் முகவரிக்குப் பதிலாக ‘எங்கள் வீட்டு பீரோ, இரண்டாவது தட்டு’ என்று அச்சடித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

ஆய்வுக் குழுவினர் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார்கள். குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுவதும் படித்தார். “வெரி நைஸ். அட்ரஸை நோட் பண்ணிக்குங்க” என்றார். உதவியாளர் பயபக்தியுடன் அந்த பீரோ முகவரியை எழுதிக்கொண்டார். பிறகு எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். கல்லூரிக்கு நல்ல கிரேடு கிடைத்தது. இளம்பரிதிக்குப் பிரின்சிபால் சால்வை போர்த்தினார். குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் பள்ளத்தில் விழுவான் என்று யார் சொன்னது? இங்கே சால்வையல்லவா விழுகிறது!

வெப்சைட் இன்டர்நெட்டில் ஏறவில்லையே என்று சரிதாவுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. அவளுக்குக் குஷி தாங்கவில்லை. கல்லூரிப் பெயர் தெரிகிற மாதிரி ஃப்ளெக்ஸைப் படம் எடுத்தாள். பெயர் போடாத ஒரு கணக்கில் ஏற்றி, மேலே எழுதினாள்: ‘உலகத்திலேயே காற்றில் ஆடும் ஒரே வெப்சைட். நானும் இங்கேதான் படிக்கிறேன். இங்கே ரெண்டு வருஷம் படித்தவர்களுக்கு மவுஸைப் பிடிக்க மட்டும்தான் தெரியும்.’ சாயங்காலத்துக்குள் அது ஓசூரைத் தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருக்குள் நுழைந்துவிட்டது.

கௌசரும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “யாருடி போட்டது?”

“யாரோ நம்ம காலேஜு கேடி” என்றாள் சரிதா. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“சரி, நம்ம சைட்ட நாமளே ஏத்திரலாம்டி. இன்டர்நெட்ல காசு இல்லாம சும்மாவே எடம் குடுக்கறாங்க. இன்டர்வியூ வருதில்ல?”

“நாளைக்குப் பாக்கலாம்டி.” அவளுக்கு நேரம் எங்கே இருந்தது? வந்து குவிந்த பாராட்டுகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில் கௌசர்தான், சேர்மனையும் சம்சாரத்தையும் எடுத்துவிட்டு, இருவர் பெயரையும் போட்டு, தன் போன் டேட்டாவிலேயே அந்த வெப்சைட்டை இன்டர்நெட்டில் ஏற்றினாள்.

இன்டர்வியூவுக்கு முதலில் சரிதாவைக் கூப்பிட்டார்கள். திம்மராயன் வெப்சைட்டைத் திறந்து பார்த்தார். மேலும் கீழும் நகர்த்தினார். போனிலும் திறந்து பார்த்தார்.

“நல்லாருக்குதே! ரெண்டு பேருமே பண்ணீங்களா?”

“ஆமாங்க சார்.”

வேலை கிடைத்துவிட்டது என்றே சரிதா நினைத்தாள். அவர் சர்டிபிகேட்டைப் புரட்டினார். கல்லூரிப் பெயரில் கண் நின்றது.

“அய்யோ தேவரே! அந்த ஃப்ளெக்ஸ் காலேஜா?” கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு வாய்விட்டுச் சிரித்தார். போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். “நேத்து ஆபீஸ் பூரா இதாம்மா பேச்சு.”

“சார், அது எங்க ஹெச்.ஓ.டி. பண்ணதுங்க. எங்களுக்கு வேல தெரியும் சார்.”

“தெரியலாம். ஆனா நாளைக்கு கஸ்டமர் கேப்பான், உங்க ஆளுங்க எங்க படிச்சாங்கன்னு. இந்தப் பேரச் சொன்னா சிரிக்கமாட்டானா?” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டினார். “‘ரெண்டு வருஷம் படித்தவர்களுக்கு மவுஸைப் பிடிக்க மட்டும்தான் தெரியும்.’ வெளியாளு சொன்னா நான் நம்பமாட்டேன். உள்ள படிக்கற புள்ளையே சொல்லுதே. நான் என்னம்மா பண்ணட்டும்?”

நான்தான் எழுதினேன், விளையாட்டுக்கு எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் போனாலும் கௌசருக்காவது கிடைத்திருக்கும். ஊரையே கிண்டல் செய்த வாய் அந்த ஒரு வாக்கியத்துக்குத் திறக்கவில்லை. ‘சரிங்க சார்’ என்று எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்து உள்ளே போன கௌசர், போன சுருக்கிலேயே திரும்பி வந்தாள். இருவரும் ரோட்டுக்கு வந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஷிப்ட் முடிந்த கூட்டம் அவர்களைக் கடந்து போயிற்று. கௌசர் அழுது சரிதா பார்த்ததில்லை. அன்று அழுதாள்.

“நம்ம சார்கூடப் பரவால்லடி. அவருக்குத் தெரியாது, தெரியாமப் பண்ணிட்டாரு. அந்தப் படத்தப் போட்டவங்களுக்கு எல்லாம் தெரியும்ல? நாமளும் அங்கதான படிக்கறோம்னு ஒரு நிமிசம் யோசிச்சாங்களா?”

சரிதாவின் கையில் போன் அதிர்ந்தது. இன்னொரு பாராட்டு வந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

“உனக்குத்தான் காலேஜ்ல எல்லாரையும் தெரியுமே. யாருன்னு தெரியுமாடி?”

“தெரியாதுடி” என்றாள் சரிதா.

கௌசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவள் நம்பிவிட்டாள்.