ஆடாதோடையின் நான்காவது தெரு

இலைக்குள் இறங்குகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பாளையங்கோட்டையில் அந்த ஆய்வுக்கூடம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஆராய்ச்சி மாணவி ஜெசிந்தாவும் மூன்று வருடமாக ஆடாதோடைத் தொட்டியின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, மூன்றாவது இலையின் காம்பு வழியாக உள்ளே போய்வந்துகொண்டிருந்தாள்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் மரபணுத்தொகுதி ஒரு வட்டமான ஊர். ஒன்றரை லட்சம் வீடுகள். வீட்டுக்கு ஓர் எழுத்து: ஏ, டி, ஜி, சி என்ற நான்கில் ஒன்று. கதவைத் தட்டி, எழுத்தைக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்தால் முனைவர் பட்டம். அதுவரை செடி பூக்காது. ஒருவர் தன்னைப் படித்துக்கொண்டிருக்கும்போது பூப்பது மரியாதையில்லை என்று ஆடாதோடை நினைத்தது.

மூன்று வருடமாக மொட்டுகள் வாயைத் திறக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமையோடு அவை உதிர்ந்துவிடும் என்று செடி முறைப்படி தெரிவித்திருந்தது.

“உதிர்ந்துட்டா வேற செடியில முதல் வீட்லேர்ந்து ஆரம்பிக்கணும், கேட்டியா,” என்றார் பேராசிரியர் ஆவுடையப்பன், இருமிக்கொண்டே. இன்னொரு மூன்று வருடத்துக்கு ஜெசிந்தாவிடம் தெம்பு இல்லை.

அவள் சிக்கல் இதுதான். முதலில் ஒரு நீளத் தெரு, அடுத்து இருபத்தையாயிரம் வீட்டுத் தெரு, அதன்பின் ஒரு குட்டித் தெரு. குட்டித் தெருவைத் தாண்டியதும் பார்த்த முகங்களே மறுபடி எதிர்ப்பட்டன. இரண்டாவது தெருவின் கடைசி வீட்டுக்காரர் முதலில், அவருக்கு முந்தின வீட்டுக்காரர் அடுத்து. வந்த தெருவிலேயே திரும்பி நடக்கிறோம் போலிருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டு வந்துவிடுவாள். இப்படி நாற்பது முறை. வழி தவறுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

வியாழக்கிழமையும் அப்படித்தான் திரும்பிவிடப் பார்த்தாள். முதல் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டுக் கூப்பிட்டார்.

“ஏம்மா, எங்க வீட்டுக் கதவு மட்டும் என்ன பாவம் செஞ்சுது?”

“உங்ககிட்ட போன வருசமே எழுதிட்டேனே அண்ணாச்சி. ஜிதானே?”

“அது ரெண்டாவது தெருக்காரரு. இது நாலாவது தெரு. மூஞ்சியும் ஒண்ணுதான், எழுத்தும் ஒண்ணுதான். அதுக்காக அவரு சாப்ட்டா எனக்கு வயிறு நெறஞ்சிருமா?”

ஜெசிந்தா அவர் கையைப் பார்த்தாள். அந்தத் தெரு அண்ணாச்சி கடிகாரத்தை இடக்கையில் கட்டியிருந்தார். இவர் வலக்கையில் கட்டியிருந்தார். அவளுக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. ஒரு தெரு மொத்தத்தையும் வாசலில் நிற்கவைத்துவிட்டு நாற்பது முறை முதுகைக் காட்டியிருக்கிறாள்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்க எழுத்தைச் சொல்லுங்க.”

“ஜி,” என்றார் அவர் கம்பீரமாக.

நேரத்தைக் கருதி இருபத்தையாயிரம் பேரும் வாசலுக்கே வந்து நின்றார்கள். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் ஒருவரும் தடுமாறவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவள் கடைசி எழுத்தை எழுதி நிமிர்ந்தபோது எதிரே முதல் வீடு இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, வந்த முதல் நாளில் மறந்துவிட்டுப் போன அவள் குடை அதன் திண்ணையில் சாய்ந்திருந்தது.

வெளியே வந்தாள். மொட்டுகள் எல்லாம் வெள்ளையாக விரிந்திருந்தன.

தொட்டியோரம் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. ஒரு ஜோடியை இன்னொரு ஜெசிந்தா மாட்டிக்கொண்டிருந்தாள். இவள் இடக்கையில் கட்டியிருந்த கடிகாரம் அவளுக்கு வலக்கையில், கக்கத்தில் நோட்டு. அதே ஊரை எதிர்ப்பக்கமாகச் சுற்றிவந்தவள்.

“முடிஞ்சுதா?” என்றாள் அவள்.

“முடிஞ்சுது. உனக்கு?”

“இப்பத்தான்.”

ஆவுடையப்பன் இரண்டு நோட்டையும் வாங்கிக் கடைசிப் பக்கம்வரை பார்த்தார். பிறகு அலுவலகத்தைக் கூப்பிட்டு, வாய்மொழித் தேர்வுக்கு நாற்காலி இரண்டு போடச் சொன்னார்.