ஓடை ஏன் மாலையில் கலங்குகிறது

புவியியல் டீச்சர் தமிரா எஜேவின் திறந்த பாடம் என்றால் எங்கள் மலை வட்டாரத்தில் தனிப் பெயர். எஜே என்றால் அக்கா, டீச்சரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆசிரியர்களைச் சோதிக்கும் கமிஷன் வந்து கடைசி பெஞ்சில் உட்காரும். எஜே கேள்வி கேட்பார். வகுப்பு முழுக்கக் கை தூக்கும். யாரைக் கூப்பிட்டாலும் பதில் கணீரென்று வரும். வந்தவர்கள் சொக்கிப் போவார்கள். அதன் சூட்சுமம் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாத பிள்ளை இடது கையை. அதற்கு முன்னால் ஒரு வாரம் அதே கேள்வி, அதே பதில் என்று ஒத்திகை நடந்திருக்கும். கல்யாண வீட்டில்கூட அவ்வளவு ஏற்பாடு இருக்காது.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. கமிஷன் வரும் நாளில் தேறாத பிள்ளைகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடுவார்கள். எஜே சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே உள்ள வழக்கம், அதனால் யாரும் அதைத் தப்பு என்று நினைப்பதில்லை. ஏழாம் வகுப்பில் அப்படி நிறுத்தப்படும் முதல் ஆள் செஸிம். ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பெண். மந்தமெல்லாம் இல்லை, திக்குவாய், அவ்வளவுதான். அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் யாராவது களுக்கென்று சிரிப்பார்கள், அவளும் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

நான் இயற்பியல் வாத்தியார், பெயர் ஜுமாதில். வயர், பிளக் என்று எது வந்தாலும் பள்ளியில் என் தலையில்தான் கட்டுவார்கள். போன இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டி நிறைய டேப்லட்டுகள் வந்தபோதும் அப்படித்தான். ஆனால் சாவி என்னிடம் வரவில்லை. எஜே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பசங்க கையில குடுத்தா ஒரு வாரம் தாங்காது தம்பி. பத்திரமா இருக்கட்டும்."

"ஊறுகாயா எஜே, பூட்டி வைக்க?"

"ஊறுகாயா இருந்தா திங்கவாவது செய்யலாம். இதை வச்சு நான் என்ன பண்றது, சொல்லு."

அது கோபமில்லை, பயம் என்று குளிர்காலத்தில்தான் எனக்குப் புரிந்தது. பள்ளி விட்ட பிறகு அடுப்போரம் உட்கார்ந்து என்னிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். விரலால் தேய்த்தால் படம் நகரும் என்பதற்கே அவ்வளவு சந்தோஷம். பிறகு வகுப்பில் கொடுத்தார், தன் பாணியில். "எல்லாரும் ரெண்டாம் பக்கம் எடுங்க. யாரும் மூணுக்குப் போகக்கூடாது." பட்டாளம் மாதிரி எல்லா விரலும் ஒன்றாக நகரும். புத்தகத்துக்குப் பதில் கண்ணாடிப் புத்தகம், வேறு வித்தியாசம் இல்லை. இருந்தாலும் அந்த வயதில் அவர் கற்றுக்கொண்டதைப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

மே மாதம் வந்தது, கூடவே கமிஷன் வரும் நாளும் நெருங்கியது. இந்தத் தடவை எஜேவின் உயர்நிலைத் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும். அது போனால் பெரிய வகுப்புகளின் புவியியல் மாவட்டத் தலைநகரிலிருந்து வரும் ஓர் இளைஞனுக்குப் போய்விடும், எஜேவுக்கு ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். வாழ்நாள் முழுக்கப் பெரிய வகுப்புக்குப் பாடம் எடுத்தவருக்கு அது எப்படிப்பட்ட அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கமிஷன் இந்த வருஷம் புதிதாக இன்னொன்றும் கேட்டிருந்தது. பாடம் மாணவர்களின் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும், கருவிகள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

எஜே என்ன செய்தார் தெரியுமா? மாணவர்கள் தாமாகக் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னார்.

"எஜே, கேள்வி அவங்க மனசுலேருந்து வரணும்."

"மனசுலேருந்துதான் வரும். நான் மனசுல ஏத்தி வச்சிருக்கேன்ல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்க வைத்தேன். டேப்லட்டுகளைச் சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது, பிள்ளைகள் நம் ஊர் ஓடையைப் படம் பிடித்துத் தங்கள் கேள்வியைக் குரலில் பதிவு செய்வது. விநியோகம் என் பொறுப்பு. செஸிமுக்கும் ஒன்று கொடுத்தேன். எஜே பார்த்தார், தடுக்கவில்லை. ஆனால் கமிஷனுக்கு முந்தைய நாள், திங்கள்கிழமை, டேப்லட்டைத் திருப்பித் தர வந்தவளிடம், வழக்கம்போல, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கண்ணு, நாளைக்கு நீ வீட்ல இரு. அம்மாவுக்கு ஒத்தாசையா இரு." செஸிம் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பள்ளி விட்ட பிறகு எஜேவும் நானும் பதிவுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தோம். எல்லாம் எஜே எழுதிக் கொடுத்த வாசகம்தான். "நமது ஓடையின் பொருளாதார முக்கியத்துவம் யாது?" வரிசையாக வந்தது. எஜே திருப்தியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் செஸிமின் டேப்லட்டைத் திறந்தேன். அவளுக்கு யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லையே. ஒரே பாறை, ஒரே இடம், காலை, மதியம், மாலை என்று படங்கள். பின்னால் தண்ணீர்ச் சத்தம், அதோடு அவள் குரல். திக்கல் மிகக் குறைவு.

"எஜே, நான் கமிஷன் அன்னிக்கு வரமாட்டேன்ல. அதனால இதுலயே சொல்லிடறேன். வெயில் உச்சியில நிக்கும்போது தண்ணி க-கண்ணாடி மாதிரி இருக்கு. பாறையெல்லாம் தெரியுது. வெயில் சாஞ்சப்புறம்தான் பெருகுது, கலங்குது. பனி உருகுறது வெயில்லதானே எஜே? அப்போ ஏன் இவ்ளோ தாமதமா வருது? அம்மா திட்டறாங்க, போறேன். த-தப்பா கேட்டிருந்தா அழிச்சிடுங்க."

எஜே கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை, ஆனால் கையை டேப்லட்டிலிருந்து எடுக்கவும் இல்லை.

"வரமாட்டேன்னு அவளே சொல்றா பாரு," என்றார். "நான் இன்னிக்குத்தான் சொன்னேன். அதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

சரி, இனி என்ன என்று கேட்டேன்.

"உன் வண்டி ஓடுமா?"

"தள்ளினா ஓடும்."

"அப்ப தள்ளு."

செஸிமின் அம்மா எங்களைப் பார்த்ததும் ரொட்டியும் தயிரும் கொண்டுவந்து வைத்தார். மகள் ஏதோ உடைத்துவிட்டாள் என்று நினைத்து முகம் வெளிறியிருந்தார். எஜே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"இவளை நாளைக்கு அனுப்பி வைங்க. நானே வந்து கேக்கறேன்."

"இவ பேசினா உங்களுக்குத்தானே அவமானம் எஜே? ஜனங்க சிரிப்பாங்களே."

"சிரிச்சா நான் பாத்துக்கறேன்."

எஜே செஸிமிடம் திரும்பி, "உன் பதிவை வகுப்புல போடலாமா? வேண்டாம்னா வேண்டாம்," என்றார். ஒரு பிள்ளையிடம் எஜே அனுமதி கேட்டு நான் பார்த்ததே இல்லை. செஸிம் போடலாம் என்று தலையாட்டினாள்.

மறுநாள் கமிஷன் வந்தது. தலைவர் ஓமுர்பேக் அகாய், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் அமர்ந்தார். பெரிய ஆண் ஆசிரியர்களை நாங்கள் அகாய் என்போம். எஜே வணக்கம் சொன்னார், மனப்பாடக் கேள்வி ஒன்றையும் கேட்க விடவில்லை. நேராக அந்தப் பதிவை, ஓடையைப் பற்றிய இடத்திலிருந்து, போட்டார். அழித்துவிடச் சொன்ன இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

உடனே வகுப்பில் அணை உடைந்த மாதிரி ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"மேல ஊர்க்காரங்க அடைச்சு வச்சிட்டுத் திறந்து விடறாங்க!" என்றான் அதில் என்ற பையன்.

"எங்க மாமா ஊரு அது. அடைக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நீ போய்ப் பாத்தியாடா?"

"பனி எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்! தண்ணி நடந்து வர நேரமாகாதா?"

"தண்ணிக்குக் கால் இருக்கா?"

வலது கை, இடது கை எல்லாம் கலந்துபோயின. எஜேவுக்கு விடை தெரியும். நாக்கு நுனியில் வந்து நின்றதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார், சாக்பீஸை மேஜைமேல் வைத்தார்.

"எது சரின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

செஸிம் எழுந்தாள். "ம-ம-மே..." என்று தொடங்கினாள். யாரோ சிரிக்கப் போனார்கள். எஜே அந்தப் பக்கம் திரும்பிய பார்வையில் சிரிப்பு செத்துப்போனது. வகுப்பு காத்திருந்தது, கமிஷனும் காத்திருந்தது. "மேல ஊர்ல ஒருத்தர், இ-இங்க ஒருத்தர். பாறையில கோடு போட்டு, ரெ-ரெண்டு பேரும் படம் எடுக்கணும். எங்க முதல்ல கலங்குதுன்னு தெரிஞ்சிடும்." முடித்துவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது. விடை கிடைக்கவில்லை.

தலைமையாசிரியர் அறையில் இறைச்சியும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் பரிமாறி முடித்த பிறகு ஓமுர்பேக் அகாய் தொண்டையைச் செருமினார். "எஜே, தப்பா நினைக்காதீங்க. பாடம் சுவாரசியமா இருந்துச்சு. ஆனா நோக்கம் நிறைவேறல. முடிவுரை இல்ல, வீட்டுப்பாடம் இல்ல. உயர்நிலை இந்தத் தடவை கஷ்டம்."

புதிதாகக் கேட்டதும் நீங்கள், கொடுத்த பிறகு பழையதைத் தேடுவதும் நீங்களா என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. எஜே என் காலை மிதித்தார். "பரவால்ல அகாய். தேநீர் ஆறிடப் போகுது," என்றார். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். நான் கைக்குட்டையைக் கொடுத்தேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "டேப்லட்டெல்லாம் எங்க?" என்று கேட்டார். பாடம் முடிந்த அவசரத்தில் எஜே பூட்ட மறந்த பீரோ திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுகூட இல்லை.

ஓடைக்கு ஓடினோம். எஜே குதிகால் செருப்போடு கல்லில் தடுமாறிக்கொண்டே வந்தார். ஏழாம் வகுப்பு முழுக்க அங்கே இருந்தது. பாதிப் பேர் மேல ஊருக்குப் போய்விட்டார்களாம், அதில் என்ற அந்தப் பையன் போனில் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். செஸிம் கரையில் குத்துக்காலிட்டு, பாறையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு நேராக டேப்லட்டைப் பிடித்திருந்தாள். தண்ணீர் அப்போதுதான் மங்கத் தொடங்கியிருந்தது. எஜே ஆசையோடு கிட்டே போய்க் குனிந்து, "இங்க பாரு கண்ணு, இது என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"எ-எஜே," என்றாள் செஸிம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் த-தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுது."

எஜே வாயை மூடிக்கொண்டு தள்ளி நின்றார்.