கழற்றி வைத்த மணி

1

கழுத்து வலி. அதிலிருந்துதான் இந்தக் கதை. புரோகிராம் எழுதும் என் தம்பி மனைவி, "கழுத்தைத் திருப்ப முடியல மாமா" என்றாள். மூட்டை தூக்கி வளர்ந்த குடும்பம் எங்களுடையது; சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வலியை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மீதி என் கற்பனை.

2

கதையில் வருகிறவளுக்கும் அதே கழுத்து வலி; அவள் எழுதுவது கிரேனுக்கான புரோகிராம். பாரம் மிஞ்சினால் மணி அடிக்க வேண்டும். பழைய மணி தாமதமாக அடித்தது, புதியதை எழுதிவிட்டாள். அதைச் சேர்க்க, எதை எதோடு கட்டுவது என்று சொல்லும் பில்ட் ஃபைலில் ஒரு வரி மாற்ற வேண்டும். (கொட்டாவி விடாதீர்கள். ஆள் உயிர் இதில் இருக்கிறது.) அந்த ஃபைலில் கை வைக்க, மணிப் பகுதியை மொத்தப் புரோகிராமிலிருந்து தற்காலிகமாகக் கழற்ற வேண்டும், திருத்தியபின் மாட்ட வேண்டும்.

திருத்தினாள். மாட்ட மறந்தாள். கழன்று கிடந்ததைத் தாண்டிப் போய், மற்றதையெல்லாம் கட்டி முடித்து, எல்லாம் சரி என்று கம்ப்யூட்டர் பச்சை காட்டியது.

3

"பில்ட் பச்சையாம்மா?" என்றார் டெஸ்டிங் அண்ணன்.

"பச்சைதாண்ணா."

"நீ சொன்னா சரி." சோதிக்காமலேயே கிரேன் யார்டுக்கு அனுப்பிவிட்டார்.

சாப்பிட்டு வந்து பார்த்தபோது மணியின் பெயர் திரையில் இன்னும் கழன்றபடியே, சாம்பல் நிறத்தில் கிடந்தது. டெஸ்டிங் அண்ணனிடம் ஓடினாள்.

"அண்ணா, புது மணி சேரல. முன்னாடி கட்டி வச்ச பழைய மணியே போயிருக்கு."

"அடிப்பாவி! கழட்டி வைக்க வேற எதுவும் கிடைக்கலையா உனக்கு?" குரலைத் தாழ்த்தினார். "கிரேன்ல ஏத்திட்டாங்க. சோதிச்சேன்னு கையெழுத்துப் போட்டவன் நான், வேலை போயிடும். அடுத்த தடவை சேத்து அனுப்பிக்கலாம். வாயத் திறக்காத தாயி."

4

அந்தக் கிரேனுக்குக் கீழே அவளுடைய சொந்த அண்ணன் வேலை செய்வதாக— (அடித்துவிட்டேன். சொந்தக்காரன் நின்றால்தான் பதறுவாளா?)

கம்பிக் கயிறு அறுந்து, பாரம் சரிந்து— (இதையும். கிரேனுக்குக் கீழே நின்றவன் நான். முடிவு வேண்டுமென்று ஒருவனைச் சாகடிக்க மாட்டேன்.)

அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு— (கை ஓடவில்லை.)

மிச்சம் போன்தான். மாடிப்படியில் நின்று யார்டுக்கு அடித்தாள்.

"யாருங்க? சட்டுனு சொல்லுங்க, லோடு மேல நிக்குது."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டெஸ்டிங் அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய பதிலை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள், சீக்கிரம். கொக்கியை மாட்டிவிட்டுக் கீழே நிற்பவனுக்கு, மணியை நம்பாதே என்கிற ஒரு வார்த்தை இன்னும் பாக்கி.