கடைசி இருக்கை

வழக்கமாக அந்தத் தடத்தில் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு இந்த டிரைவரை மாற்றிவிட்டிருந்தார்கள். கல்லூரி நிறுத்தத்தில் பாதி வண்டி காலியானது. கதவை மூடுமுன் உள்கண்ணாடியில் பார்த்தார். கடைசி இருக்கையில், துப்பட்டாவைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தத் துப்பட்டா அவர் வாங்கிக் கொடுத்தது. இறங்க மறந்துவிட்டாளோ என்று கூப்பிட வாயெடுத்தவர், பின்னால் வந்த வண்டி விடாமல் ஹாரன் அடிக்கவே நகர்ந்துவிட்டார்.

கடைசி நிறுத்தத்தில் அவளைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு கொஞ்ச நாளாவே இப்படித்தாண்ணே. எங்கயும் இறங்காது. சாயங்காலம் வரைக்கும் இதே வண்டியில போயிட்டுப் போயிட்டு வரும். என்ன கஷ்டமோ, பாவம்."

என் மகள்தான் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை.

போன வருடம் நெற்றியில் ஆரம்பித்த பருக்கள் கன்னம் முழுக்கச் சிவந்து பழுத்திருந்தன. தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்து, வயசுக்கோளாறு, தானாகப் போய்விடும் என்று அனுப்பிவிட்டார். பருக்கள் போகவில்லை. அவள் சாப்பாட்டுத் தட்டோடு அறைக்குள் போக ஆரம்பித்தாள். தோழிகளின் போனை அடித்து ஓயட்டும் என்று விட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னபோது, நாலு பருவுக்கா உலகமே இடிந்து விழுந்த மாதிரி இருக்கிறாய் என்று இவரும் சிரித்தார். அவளும் கூடவே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பி நிம்மதியாகத் தூங்கினார்.

இப்போது கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். பின்கதவால் ஏறியவள் ஓட்டுவது யாரென்று கவனித்திருக்கவில்லை. அவரைக் கண்டதும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காலேஜ் போகலையாம்மா?"

அவள் துப்பட்டாவை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

"வகுப்புல முன்னாடி நின்னு பேசச் சொன்னாங்கப்பா. எல்லாரும் கன்னத்தையே பாத்தாங்க. ஒருத்தர்கூட கண்ணைப் பாக்கல. தினமும் இறங்கணும்னுதான் ஏறுறேன். முடியல."

"வீட்டுல சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. சிரிச்சீங்க."

தோளைத் தொடப் போனார். "பாக்காதீங்கப்பா" என்றாள்.

அவளுக்கு நேர்முன்னால் இருந்த இருக்கையில், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பின்னால் துப்பட்டா சரியும் ஓசை கேட்டது. பிறகு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. கண்டக்டர் புறப்படச் சொல்லி விசில் ஊதினார். அவர் எழவும் இல்லை, திரும்பவும் இல்லை. கையை மட்டும் இருக்கைக்குப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டார். வெளியே யாரோ இன்னொரு பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதன் ஜன்னல்களில் சோப்பு நுரை மெதுவாக வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.